வயலிலிருந்து கீறிய வம்சம்

நான் பஸ் ஓட்டுகிற பாதையில் தரிப்பிடத்தின் பெயரும் அங்கே இறங்குகிறவரின் பெயரும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். ஒலிபெருக்கி ‘ஹௌகன்’ என்று சொல்லும். ஹௌகன் கிழவர் பொல்லை ஊன்றிக்கொண்டு எழும்புவார். நோர்வேக்கு வந்த புதிதில், பெரிய மனிதர்களின் பெயரைத் தரிப்பிடங்களுக்கு வைக்கிறார்கள், அந்தப் பெரிய மனிதர்கள் எல்லாரும் என்னுடைய பஸ்ஸில்தான் வருகிறார்கள் என்று நினைத்து, கொஞ்சம் கூடுதலாகவே பணிந்து வணக்கம் சொல்லிவந்தேன். அவர்களும் இந்தத் தமிழனுக்கு என்ன மரியாதை என்று வியந்திருப்பார்கள். பிறகுதான் விளங்கியது, அவையெல்லாம் பண்ணைகளின் பெயர்கள். அந்தக் காலத்தில் ஒருவர் எந்தப் பண்ணை மண்ணைக் கொத்தினாரோ அதன் பெயர்தான் ஆளுக்கும். வேறு பண்ணைக்கு மாறினால் பெயரும் மாறிவிடுமாம்.

எங்கள் பக்கம் இது தலைகீழ். கந்தபுரத்தில் எங்கள் வயலுக்கு ஆளின் பெயர்தான்: வாத்தியார் வயல். அந்த வாத்தியார் என்னுடைய அப்பப்பா. தீவுப்பகுதியில் உப்புக் கிணற்றோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போய், காடு வெட்டுகிறவர்களுக்குக் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மாட்டு வண்டியில் வந்து இறங்கியவர். காட்டை வெட்டி, யானையை விரட்டி, முதல் போகம் கண்டதும் நெல் வைக்கிற கொட்டிலில் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். மூட்டைகள் நிறைந்திருக்கும் மாதங்களில் பிள்ளைகள் அவற்றின் மேல் ஏறியிருந்து படித்தார்களாம். வயல் வேலைக்குத் தேவை என்று பிள்ளையை அனுப்ப மறுக்கிற தகப்பனிடம் அவர் சண்டைக்குப் போகமாட்டார். பின்னேரம் அந்த மனிதனுடைய வயலில் போய் மண்வெட்டியோடு நிற்பார். “உன்ர பொடியன்ர வேலையை நான் செய்யிறன். நாளைக்கு அவன் எனக்கு வேணும்” என்பார். வேலைக்கு வேலை மாறிச் செய்வது எங்கள் ஊர் வழக்கம்தான். அதில் படிப்பையும் சேர்த்துவிட்டவர் அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு அது எங்கள் குடும்பத்தைப் பிடித்த வியாதி. அப்பா காலையில் சோக்குக் கட்டி, பின்னேரம் மண்வெட்டி. என் தமக்கை தவமக்கா அதே பள்ளிக்கூடத்துக்கு அதிபராக இருந்து ஓய்வு பெற்றவா. ஓய்வு பெற்றும் ஓயவில்லை. போன வருடம் அங்கே புது மண்டபம் கட்டியபோது, அதன் சுவரில் வாத்தியாரின் வம்சாவளியை மரமாகக் கீறவேண்டும் என்று அக்கா தீர்மானித்தா. எனக்குத் தொலைபேசியில் கட்டளை வந்தது. “உனக்கு அங்கை பனிக்காலத்தில வேற என்ன வேலை? இருந்து எழுது.”

எழுதினேன், ஐயா, எழுதினேன்! ஒரு மாரிகாலம் முழுக்க ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் தொலைபேசி எடுத்து, சித்தப்பாமாரின் பேரப்பிள்ளைகள் வரை பிடித்து, வாயில் நுழையாத மருமக்களின் பெயர்களையும் தமிழில் எழுதி, கிளை கிளையாய் ஒரு பெரிய மரம். எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும்போல இருந்தது. அதைக் கவிதாவுக்கு அனுப்பிவைத்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் சித்திரமும் படிப்பிக்கிற இளம் ஆசிரியை அவள்; சுவரில் கீறப்போகிறவளும் அவள்தான். “நல்லா இருக்கு பெரியப்பா. கீறிவிடுறன்” என்று ஒரு வரி பதில் வந்தது. வழக்கமாக அவள் அனுப்பும் சிரிப்புப் படம் ஒன்றையும் காணவில்லை.

அடுத்த நாள் அக்கா எடுத்தா. வணக்கமும் இல்லை, சுகமும் இல்லை.

“நீ என்னடா செய்து வச்சிருக்கிறாய்? சிவமணி எங்கை?”

சிவமணி கவிதாவின் தகப்பன். அவனுடைய தகப்பன் முத்தையா, மலையகத்தில் கலவரத்தில் வீடு எரிந்து, கைக்குழந்தையான சிவமணியோடு எங்கள் படலையில் வந்து நின்றவர். அப்பப்பா பழைய கணக்கையே அவரோடும் போட்டார்: பகலில் நீ என் வயலில், பொழுதுபட நான் உனக்கு அ, ஆ. முப்பது வயதில் எழுத்துப் படித்த முத்தையா, தனக்குப் பின்னால் மலையிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தானே படிப்பிக்கத் தொடங்கினார். வயலில் பாதியை அப்பப்பா அவருக்கு எழுதிக் கொடுத்தார். நானும் சிவமணியும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். போர் முடிந்து சனம் ஊர் திரும்பியபோது வயல் மறுபடியும் காடாகிக் கிடந்தது. அந்தக் காட்டை இரண்டாம் தரம் வெட்டியவன் சிவமணி. எங்கள் பாதியையும் சேர்த்து வெட்டி இன்றைக்கும் விதைக்கிறவன் அவன். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிற பிள்ளையின் கையில், அவளுடைய அப்பன் பாட்டன் பெயர் இல்லாத மரத்தைக் கொடுத்துக் கீறு என்று சொல்லியிருக்கிறேன்! வெட்கக்கேடு.

ஆனால் பிழையை உடனே ஒப்புக்கொள்ளுகிற சாதி இல்லையே நான். “அக்கா, இது இரத்த உறவு மரம். நான் என்ன செய்ய?” என்றேன். “உன்ர இரத்தத்தைக் கொண்டுபோய் வங்கியில குடு” என்று சொல்லி அக்கா தொலைபேசியை வைத்துவிட்டா. கவிதா அந்த மரத்தைக் கீறினால் சிவமணி ஒரு சொல்லும் சொல்லமாட்டான், அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் அந்தச் சுவரைக் கடந்துதான் வயலுக்குப் போவான். அதை நினைக்கத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பஸ்ஸின் முன் இருக்கையில் எப்போதும் ஆர்ன என்றொரு முன்னாள் விவசாயி வருவார். கடைசித் தரிப்பில் நிற்கும் நேரம் வாத்தியார் வயலின் கதையைச் சொல்லி, நான் எழுதிய மரத்தை எடுத்து அவரிடம் காட்டினேன். மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, “இதில் இப்போது யார் உழுகிறார்?” என்று கேட்டார்.

“சிவமணி.”

“எந்தக் கிளை?”

“அவர் இதில் இல்லை.”

“அப்படியானால் இவர்களெல்லாம் யார்?”

“எங்கள் குடும்பம். கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ்...”

மனுஷன் குழம்பிப்போனார். எங்களுக்குக் கனடாவிலும் பிரான்சிலும் வயல் இருக்கிறது என்று விளங்கிக்கொண்டு, எத்தனை மாடு என்று விசாரித்தார். தெளியவைக்க எனக்குக் கால் மணிநேரம் எடுத்தது. பிறகு அவர் தங்கள் ஊரின் ‘பிக்டபோக்’ பற்றிச் சொன்னார். ஊர்ப் புத்தகம். அதில் மனிதரை வைத்து எழுதுவதில்லை, பண்ணையை வைத்து எழுதுவார்கள்: முதலில் யார் கொத்தினார், பிறகு யார், அதற்குப் பிறகு யார். மகனோ, மருமகனோ, கூலிக்கு வந்து தங்கியவனோ, எல்லாரும் வரிசையில் வருவார்கள். “விட்டுப் போனவர்களுக்கு?” என்று கேட்டேன். “அமெரிக்கா போனார் என்று ஒரு வரி. அவ்வளவுதான்,” என்றார் ஆர்ன, மிகவும் சாதாரணமாக.

வீட்டுக்குப் போய் சப்பாத்துக் கழற்ற முன்பே பேனையை எடுத்தேன். இந்தமுறை அடிமரத்தில் அப்பப்பாவை எழுதவில்லை, வயலையும் கொட்டிலையும் எழுதினேன். யார் விதைத்தாரோ, யார் படிப்பித்தாரோ, அவர்கள் மட்டும். அப்பப்பா, முத்தையா, அப்பா, அக்கா, சிவமணி, கவிதா. ரொறன்ரோவும் லண்டனும் இலை உதிர்ந்தது போல உதிர்ந்தன. ஆறு பெயர், அவ்வளவுதான். ஆனால் பார்க்கப் பார்க்க மனம் நிறைந்தது. கவிதாவுக்கு அனுப்பிய பத்தாவது நிமிடம் சிவமணியே தொலைபேசி எடுத்தான். நன்றி கின்றி சொல்லப்போகிறான் என்று பயந்துகொண்டு இருந்தேன்.

“அண்ணை, உங்கட பேர் எங்கை?”

“நான் விதைக்கவும் இல்லை, படிப்பிக்கவும் இல்லை, சிவமணி. வயலுக்குத் தேத்தண்ணிக் கேத்தல் தூக்கினது மட்டும்தான்.”

“அதுவும் பாதியை வழியில குடிச்சிடுவியள்,” என்று சிரித்தான். பிறகு குரல் மாறியது. “உங்கட பேர் இல்லாத சுவரில என்ர பேர் வேண்டாம் அண்ணை. வந்து ஒரு பாத்தி விதையுங்கோ, ஒரு பாடம் எடுங்கோ. அதுவரைக்கும் பிள்ளை தூரிகையைத் தொடமாட்டாள்.”

இப்படி ஒருவன் கூப்பிட்டால் போகாமல் இருக்கலாமா? ஐப்பசி பிறக்கமுன் லீவு எடுத்துக்கொண்டு போனேன். மழைக்கு முன்னால் காய்ந்த மண்ணிலேயே நெல்லை எறிகிற புழுதி விதைப்பு நடந்துகொண்டிருந்தது. சிவமணி சாரத்தை மடித்துக் கட்டி, விதைக் கடகத்தை என் இடுப்பில் வைத்தான். நாலைந்து பிடி எறியமுன்பே சத்தம் போட்டான்.

“அண்ணை, கோழிக்குத் தீன் போடுற மாதிரி ஒரு இடத்தில நிண்டு எறியாதேங்கோ! நடந்து நடந்து எறியவேணும்!”

“வாத்தியாற்ற பேரனுக்கு நீ படிப்பிக்கிறியோ?” என்று வீறாப்பாய்ச் சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்று எறிந்தேன். வரம்பில் குடையோடு நின்ற அக்கா தலையில் கைவைத்தா.

மறுநாள் நாலாம் வகுப்பில் பாடம். பனியைப் பற்றிப் படிப்பிக்கலாம் என்று படங்கள் கொண்டுபோனேன். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி எழும்பி, “சேர், அங்கை புழுதி விதைப்பு எப்ப?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப சோத்துக்கு என்ன செய்வியள்? பாவம்,” என்றாள். வகுப்பு முழுவதும் என்னை இரக்கமாய்ப் பார்த்தது. பின் வாங்கில் இருந்த கவிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று பின்னேரமே சுவரில் ஏழு பெயர் ஏறியது. பூச்சு காயும் வரைக்கும் சிவமணி தன் பெயருக்குக் கீழே நின்று பார்த்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

நான் திரும்பி வந்து மூன்று கிழமையில் மழை பெய்ததாம். ஒரு காலை, பஸ்ஸின் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது சிவமணி ஒரு படம் அனுப்பினான். வயல் முளைத்துவிட்டது. நான் விதைத்த பாத்தி தனியாகத் தெரிந்தது: சுற்றிவரக் கொத்துக் கொத்தாய்ப் பச்சை, நடுவில் இரண்டு பாதம் அளவுக்கு வெறும் மண். நான் நின்ற இடம். அதில் மட்டும் ஒரு நெல்மணியும் விழவில்லை. உடனே தொலைபேசி எடுத்தேன்.

“பாத்தியளே அண்ணை, உங்கட கால் அடையாளம்?” சிரித்து ஓய்ந்துதான் மற்றதைக் கேட்டான். “நெருக்கமான இடத்தில இருந்து பிடுங்கி நட்டு நிரப்பட்டோ?”

“விடு, சிவமணி,” என்றேன். “வந்தா நிக்க ஒரு இடம் வேணுமே.”