கால் மாத்திரை மாமா

என் அம்மாவின் தம்பியை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் 'கால் மாத்திரை'. மருந்துக்கடை கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, பாதி பிளேடில் காகிதம் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பேதி நிற்கப் பெரியவர்கள் விழுங்கும் மாத்திரையை நான்காக வெட்டுவார். ஒரு துண்டு இன்னொன்றைவிட ஒரு துகள்கூடக் கூடாது. பேதியாகும் பிள்ளையை இடுப்பில் தூக்கி வரும் அம்மாக்களுக்கு அதில் ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். மத்தியானத்துக்குள் பேதி நின்றுவிடும். கைராசிக்காரர் என்று பேர்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். நர்சிங் முடித்துக் குழந்தைகள் வார்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமா என்னைப் பற்றி அளந்துவிடுவார். நேரில் பார்த்தால் மட்டும் வேறு பேச்சு.

"ஏன் மாப்ள, இவ்வளவு படிச்சும் கடைசியில உப்புக்கரைசல்தான் ஊத்துறீங்களாமே? அதுக்கு எதுக்கு டிகிரி? எங்க கடை பாக்கெட்லயே எழுதியிருக்கே!"

"சின்னப் பிள்ளைங்களுக்கு அந்த மாத்திரை கூடாது மாமா."

"முழு மாத்திரைதான் கூடாது. நான் குடுக்கிறது கால்."

அதற்கு மேல் அவரிடம் வாய் கொடுத்து மீள முடியாது.

ஒரு சாயங்காலம் அவரே வார்டுக்குள் ஓடி வந்தார். தோளில் பேரன், பின்னால் மகள். பிள்ளைக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. என்னைப் பார்த்தாலே மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குகிறவன். அன்று கண் பாதி மூடிக் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. உடம்பு அனலாய்க் கொதிக்க, வயிறு மட்டும் கல்லுப் போல உப்பியிருந்தது.

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் மாற்றினார்.

"குடல் ஓடுற சத்தமே இல்லையே. எப்படிப் போச்சு?"

"காலையில சளியும் ரத்தமுமாப் போச்சு டாக்டர். அப்புறம் நின்னுடுச்சு," என்றாள் மாமா மகள்.

"தானா நின்னுச்சா? என்ன குடுத்தீங்க? குடல் அடைப்புன்னா ஆபரேஷனுக்கு ஆளைக் கூப்பிடணும். சீக்கிரம் சொல்லுங்க."

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா, வாயைத் திறங்கப்பா!"

சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். மிச்சமிருந்த முக்கால் மாத்திரை.

"கால்தாம்மா குடுத்தேன். துல்லியமா கால்."

டாக்டரம்மா கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார். "வயித்துல இருக்கிறது கிருமி. பேதி வழியாத்தான் அது வெளிய போய்க்கிட்டிருந்துச்சு. நீங்க குடல் அசையறதையே நிறுத்திட்டீங்க. இந்த வயசுக்கு இதுல கால் என்ன, முழுசு என்ன?"

மூக்கு வழியாகக் குழாய் விட்டோம். வற்றிப்போன கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றினேன். குளுக்கோஸ் நீரும் கிருமியைக் கொல்லும் மருந்தும் இறங்கத் தொடங்கின. சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்த மாமா திடீரென்று எழுந்தார்.

"ஐயோ! தையக்காரர் பிள்ளைக்கும் காலையில குடுத்தேனே!"

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

"உயிருக்குப் போராடுற பேரனை விட்டுட்டு எங்க ஓடுறாரு இந்த மனுஷன்?" என்றாள் வார்டு ஆயா.

திரும்பி வந்தபோது கையில் வேறொரு குழந்தை. தாய் மூச்சிரைக்கப் பின்னால் வந்தாள்.

"இதையும் பாருங்கம்மா. இதுக்கும் நான்தான் குடுத்தேன்."

வார்டே கேட்கும்படி சொன்னார். கட்டில்களில் இருந்த அம்மாக்களில் இரண்டு மூன்று பேர் அவர் கடைக்கு வாடிக்கை. ஒருத்தி தன் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, நான் சொல்றதைக் காதுல வாங்கினாத்தானே! கசக்குதுன்னு மூஞ்சியிலேயே துப்பிட்டா இவ. என் புடவையெல்லாம் அப்பி வச்சிருக்கா!" என்றாள் பின்னால் வந்த தாய்.

மாமா அந்தக் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது அவரையும் உதைத்தது.

விடிந்ததும் பேரன் முனகினான். துணி நனைந்தது. மாமா மகள் விலக்கிப் பார்த்து, பிள்ளை பிறந்த சேதி போலக் கத்தினாள்: "டாக்டர், போறான்! போறான் டாக்டர்!" டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இளகியிருந்தது. "பிழைச்சுக்குவான்," என்றார்.

மாமா முகத்தில் சிரிப்பு வரவில்லை. பாட்டில் மாற்றிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்ள, பேதி நின்னுடுச்சுன்னு சந்தோஷமாச் சொல்ல வந்தவங்களைத்தான் எனக்குத் தெரியும்," என்றார். "திரும்பி வராமயே போனவங்க என்ன ஆனாங்க?"