அக்காவின் சிரிப்பைப் பதிந்தவன்

கொட்டாஞ்சேனையில் அப்பா செய்து விற்ற பற்பொடியின் தகரப் பேணிகளில் அக்காவின் சிரித்த முகம் இருந்தது. அக்கா காய்ச்சலில் இறந்தபின், அந்தப் படத்தை வியாபாரக் குறியாக உடனே பதியச் சொன்னார் எங்கள் வழக்குகளைப் பார்க்கும் புரொக்டர் ஐயா.

"ஆட்டைத்திவசம் முடியட்டும். வருசம் திரும்பமுன்னம் புதுக்காரியம் ஒண்டும் தொடங்கேலாது," என்றார் அப்பா.

திவசத்துக்குப் பத்து நாள் இருக்கையில், புறக்கோட்டை வியாபாரி ஒருவன் அதே படத்தைத் தன் பேரில் பதிந்துவிட்டான். படுபாவி, செத்தவீட்டுக்கு வந்து எங்களுடன் அழுதவன்! நாங்கள் அந்த முகத்தை இனிப் பாவிக்கக்கூடாது என்று நோட்டீஸ் வந்தது. மிச்சமிருந்த பேணிகளிலிருந்து அக்காவை நானே சுரண்டி எடுத்தேன். புறக்கோட்டையில் கடைக்குக் கடை அவள் அவனுக்காகச் சிரித்தாள்.

அப்பா, சுவரில் மாலையோடு தொங்கிய படத்தைக் காட்டி, புரொக்டரிடம் கேட்டார்:

"ஐயா, இதையும் கழட்டவேணுமோ?"