பதினான்காம் எண் குப்பி

கியெம் என் இரண்டு முன்பற்களை உடைத்தவன். அவனைப் பற்றி நான் நல்லவிதமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

வாய்க்கால் சந்தையில் வாத்து அறுப்பது அவன் தொழில். வாயைத் திறக்கும் முன் கை நீளும். மைத்துனன் மூக்கை உடைத்துத்தான் லுவாவைக் கட்டினான். ஆனால் அவள் அதட்டினால் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடுவான்.

சந்தையில் வாத்துகளை வாரிக்கொண்டு போன காய்ச்சல் லுவாவின் நுரையீரலுக்கும் வந்தது. எங்கள் வார்டில் அப்போது ஒரு மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கிருமியோடு நடக்கும் சண்டையில் நுரையீரல் தன்னையே எரித்துக்கொள்கிறது. அந்தத் தீயை அணைக்கும் சக்தி ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தூங்குகிறது. அதை உலுக்கி எழுப்பும் மாத்திரை அது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று நர்ஸான எனக்கும் தெரியாது. லுவாவின் குப்பி எண் பதினான்கு. பக்கத்துக் கட்டிலில் படகோட்டி தொவாய்க் கிழவருக்குப் பதினைந்து.

சம்மதத் தாளில் ஒரு வரி இருந்தது: மருந்தால் முகம் சிவக்கலாம். மூன்றாம் நாள் கிழவர் முகம் சிவந்தது. கியெம் வெட்டுக்கத்தியோடு வந்தான்.

"அக்கா, கெழவன் மூஞ்சி செக்கச்செவேல்னு இருக்கு. என் பொண்டாட்டி வெளுத்துக் கெடக்குறா. அவனுக்கு மருந்து, இவளுக்கு மாவா?"

"எதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது தம்பி."

"அவ செத்தா ஒன் கழுத்து எனக்கு வாத்துக் கழுத்து."

கத்திப்பிடியால் வாயில் குத்தினான். ரத்தத்தோடு பல்லையும் துப்பினேன். தடுக்க வந்த காவலாளியின் தோளைப் பிளந்தான். பதினான்காம் குப்பியை ஜன்னல் வழியே வாய்க்காலில் வீசினான்.

"வேணாங்க... விடுங்க," என்று லுவா ஆக்சிஜன் முகமூடிக்குள் முனகினாள். முதல் தடவையாக அவள் பேச்சை அவன் கேட்கவில்லை. பதினைந்திலிருந்து ஒரு மாத்திரையை அவள் வாயில் திணித்தான். அதற்குள் போலீஸ்காரர்கள் வந்து அவனைத் தடியால் அடித்தே இழுத்துப் போனார்கள்.

புதுக் குப்பி நகரத்திலிருந்து வர மூன்று நாள். லுவா இரண்டாம் நாளே போய்விட்டாள்.

சோதனை முடிந்து எண்களைப் பிரித்தபோது டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த வருடம் சிறையிலிருந்து வந்த கியெமை நானே சந்தையில் தேடிப் போனேன். வாத்து அறுத்துக்கொண்டிருந்தான்.

"பதினாலுதான் மருந்து," என்றேன். "கெழவருக்குக் குடுத்தது மாவு. வார்டுல கூடாதுன்னு தெரிஞ்சும் அவரு பொண்ணு ஒடம்புல புடிச்ச கெட்ட காத்த எடுக்குறேன்னு தைலத்த மூஞ்சி பூரா தேச்சிருக்கா. மாஸ்க் போட்ட எங்க மூக்குக்கு வாசனை தெரியல."

"லுவாவுக்கு ஏன் செவக்கல?"

"வயிறு நெறஞ்சிருந்தா செவக்காதாம். மாத்திரைக்கு முன்னாடி வேளா வேளைக்கு நீதானே வாத்துக் கஞ்சி ஊட்டின."

கஞ்சி ஊட்டிய கையைப் பலகையில் வைத்து வெட்டினான். மூன்று விரல் வாத்துத் தலைகளோடு விழுந்தன.

என் தலைத்துணியைக் கிழித்து நான்தான் கட்டினேன். டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: அந்த மருந்தை ஒழுங்காகத் தின்றவர்களிலும் பலர் செத்தார்கள், லுவா பிழைத்திருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டி முடிக்கும்வரை அதை நான் அவனிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.