இருபத்துமூன்றாம் எண்

எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுப் பலகையில் ஐம்பது துளைகள். அதன்முன் உட்கார்ந்திருந்த ஒல்லியான ஆபரேட்டர், ஒயரைச் சொருகுமுன் ஒவ்வொரு துளையையும் வாயால் ஊதுவார்.

என் மருந்துக்கடைக்கு இணைப்புக் கேட்டேன்.

"எந்தக் காலத்துக்கும் ஐம்பது போதும்னு ஆபீசர் சொல்லிட்டுப் போயிட்டாவ அண்ணாச்சி. ஒருத்தர் போனாத்தான் இன்னொருத்தருக்கு."

இருபத்துமூன்றாம் எண்ணுக்குரிய மரவியாபாரி ஒருவர், வீட்டில் தனியாக, படுக்கையில் கிடந்தார். "அவருக்கு எப்படி இருக்கு?" என்று வாரந்தோறும் ஆபரேட்டரிடம் விசாரித்தேன். குற்றாலச் சாரல் தொடங்கியபோது வியாபாரி இறந்தார். அவருடைய எண் எனக்கு வந்தது.

முதல் அழைப்பு பம்பாயிலிருந்து. "அப்பா, எப்டி இருக்கிய?"

வியாபாரியின் மகன் கப்பல் வேலையிலிருந்து அன்றுதான் கரையேறியிருந்தான்; சாவுச் செய்தி அவனுக்கு எட்டியிருக்கவில்லை. ரிசீவரை வைக்கப் போனேன். இடையில் ஆபரேட்டரின் குரல் கேட்டது.

"பேசுங்க அண்ணாச்சி. நீங்க காத்துக் கெடந்த நம்பர்தானே."

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.