சைலன்சரில் சொட்டிய தண்ணீர்

குற்றாலத்தில் ஆடிச் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு காலை, ஆறரை மணிக்கு, நான் ஓட்டிக்கொண்டிருந்த காரின் சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டியது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் குழாய் துப்பியது, கூடவே வெள்ளைப் புகை. அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தைந்து வயது. தென்காசியில் நிலபுலன் உள்ள ஒரு குடும்பத்துக்கு நான் டிரைவர். எஸ்டேட்டைக் காலி செய்துவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையிடம் வாங்கிய பழைய வண்டி.

வேறு நாளாக இருந்தால் நான்கு வசவு வைதுவிட்டு பானெட்டைத் திறந்திருப்பேன். அன்று முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

சீசனுக்காக எங்கள் முதலாளியம்மா குற்றாலத்தில் ஒரு பங்களா பிடித்துத் தங்கியிருந்தார். முதலாளி கோர்ட்டு வேலையாகத் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மாவுக்குத் தந்தி வந்தது. அவருடைய ஒரே தம்பி கொல்லத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மறுநாள் மதியம் ஒரு மணிக்கு வயிற்றில் ஆபரேஷன். தன்னிஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டார் என்பதற்காக அம்மா அவரோடு நான்கு வருஷமாகப் பேசவில்லை. "பிழைப்பது சந்தேகம், அக்கா வரவும்" என்று தம்பியே அனுப்பிய தந்தி. அந்த மழையில், இருட்டில், ஆரியங்காவு மலைப்பாதையில் யாரும் வண்டி ஏற்றமாட்டார்கள். அம்மா விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார்.

காரில் ஏழரைக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்குக் கொல்லம். செங்கோட்டையில் எட்டேகாலுக்கு ரயில் ஏறினால் பன்னிரண்டரை, அதுவும் மலையைத் தாண்டி நேரத்துக்குப் போனால்.

"காருன்னா அவங்கூட ஒரு மணி நேரம் கூட இருக்கலாம்லா" என்றார் அம்மா. "வண்டி சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு. சந்தேகம்னா நான் ரயிலுக்குப் போயிருதேன்."

எனக்குச் சந்தேகம் மட்டுமல்ல, பயமே இருந்தது. இரண்டு வாரம் முன்புதான் தென்காசி மெக்கானிக் அந்த எஞ்சினைத் திறந்து ஹெட் கேஸ்கட் மாற்றியிருந்தார். எஞ்சினுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே வைக்கிற தகடு அது. அது விட்டுப்போனால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்து, ஆவியாகிச் சைலன்சர் வழியே போகும். அப்படிப்பட்ட வண்டி மலையில் பாதி ஏறுவதற்குள் கொதித்து நின்றுவிடும். "இருநூறு மைல் ஓடினதும் கொண்டாலே. சூட்டோட போல்ட்டையெல்லாம் ஒருக்கா முடுக்கணும்" என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் போகவில்லை. காரணம் என் மூக்குமேல் கோபம். "நீ மலையில கியர் மாத்துத சத்தம் தென்காசி வரைக்கும் கேக்குதுலே" என்று நாலு டிரைவர்கள் முன்னால் அவர் கேலி செய்திருந்தார். அந்த ஆள் முகத்தில் விழிப்பதில்லை என்று முறுக்கிக்கொண்டு திரிந்தேன். இருநூறு மைல் தாண்டி முந்நூறும் ஆகிவிட்டது.

எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தேன். தண்ணீர் கலக்காமல் சுத்தமாக இருந்தது. ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, தகடு விட்டால் வருகிற குமிழி தண்ணீரில் வருகிறதா என்று பார்த்தேன். சாரல் வேறு அந்த வாய்க்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. எது குமிழி, எது மழைத்துளி என்று தெரிந்தால்தானே!

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் கொட்டி ஓட்டையை அடைப்பது எங்கள் பக்கத்து டிரைவர்களின் கைவைத்தியம். அதற்காக வண்டியிலேயே ஒரு பொட்டலம் கிடக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. மொத்தத்தையும் ரேடியேட்டரில் கொட்டினேன். ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, என் வெள்ளைத் துண்டைச் சைலன்சர் வாயில் பிடித்தேன். ரேடியேட்டர் தண்ணீர் என்றால் மஞ்சளாக வரவேண்டும் அல்லவா? துண்டில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வண்டி ஜம்முனு இருக்கும்மா" என்றேன்.

காரிலேயே கிளம்பினோம். செங்கோட்டை ஸ்டேஷனுக்கு முந்தின திருப்பத்தில்தான் அம்மா ஸ்டீயரிங்கின் மேல் இருந்த என் விரல்களைக் கவனித்தார்.

"கையில என்னலே மஞ்சள்?"

பெருமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு என் விரல்களை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "மஞ்சத்தண்ணியக் கொதிக்கவச்சா மூடியில நிக்குத தண்ணி மஞ்சளாவா இருக்கும்? ஆவியில நிறம் வருமாலே?" என்றார்.

என் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. அடுப்படிக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் பின்னால் தங்கிவிடும். ஆவி வெறும் தண்ணீராகத்தான் வரும். என் சோதனை ஒன்றையும் சோதிக்கவில்லை.

தென்காசிப் பக்கமிருந்து ரயில் கூவியது. செங்கோட்டையில் மலைக்கென்று பின்னால் இன்னொரு எஞ்சின் கோப்பார்கள். பத்து நிமிடம் நிற்கும்.

"எங்கிட்ட உண்மையச் சொல்லு. இது மலை ஏறுமா?"

மெக்கானிக் சொன்னது, நான் போகாமல் விட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வைவார் என்று எதிர்பார்த்தேன். "ஸ்டேஷனுக்கு விடு" என்று மட்டும் சொன்னார். ஸ்டேஷன் வாசலில் நான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட, அவர் நனைந்துகொண்டே பின்னால் வந்தார். ரயில் நகரும்போது அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. சாமியைக் கும்பிட்டாரோ, தம்பியிடம் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்தாரோ தெரியாது.

வண்டியை நேரே தென்காசிக்குத் திருப்பினேன். மெக்கானிக் ரேடியேட்டரைத் திறந்ததும், "என்னலே, சாம்பார் வச்சிருக்கே!" என்றார். நான் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரிப்பை நிறுத்தினார். வண்டியைக் கூரைக்குள் ஏற்றி எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. பிளக்குகளைக் கழற்றினார். தண்ணீர் புகுந்திருந்தால் நனைந்திருக்கும். எல்லாம் உலர்ந்திருந்தன. ஸ்பேனரைப் போட்டு ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினார். கால் திருகுகூட எதுவும் நகரவில்லை. நான் பின்னால் போய்க் குனிந்தேன். சைலன்சர் வாய் காய்ந்து கிடந்தது.

"பெட்ரோல் எரிஞ்சா அதுலயும் ஆவி உண்டுலே. சாரல்ல சில்லுன்னு கிடக்குத சைலன்சர்ல அது தண்ணியா நிக்கும். உங்க முதலாளியம்மா சொன்ன மூடிதான் அது. குழாய் சூடானா நின்னுரும்" என்றார். பிறகு தயங்கிக் கேட்டார்: "செங்கோட்டையில இறங்கினியே, பின்னால வந்து பாத்தியா? அப்பவும் ஒழுகுச்சா?"

நான் பார்க்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குள் ஓடியிருந்தேன். அவருடைய பட்டறைப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அப்போது மணி ஒன்பதரைகூட ஆகவில்லை. அந்த வண்டி அம்மாவைத் தாராளமாகக் கொல்லத்தில் கொண்டுபோய் இறக்கியிருக்கும்.

மலையில் தண்டவாளத்தின் மேல் மண் சரிந்து ரயில் நின்றது. அம்மா ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி ஒன்றரை. தம்பியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அவர் உயிரோடு வெளியே வரவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து அம்மா திரும்பினார். தென்காசி வீட்டு வாசலில் நான் கார்க் கதவைத் திறந்து நின்றேன். இறங்கினவர் போகாமல் நின்று, "அந்தத் தகடு போயிருந்துதாலே?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பதினாறு நாளும் இந்த ஒரு கேள்வியைத்தான் அவர் வைத்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது.

"போயிருந்துதும்மா. மெக்கானிக் மேல தப்பில்ல. நான் போல்ட்ட முடுக்காததுதான்."

அம்மா நீளமாக மூச்சு விட்டார். "மலையில நின்னுருப்போம்லா. நடுக்காட்டுல நின்னுக்கிட்டு, அவன் பொணத்தக்கூடப் பாத்திருக்க மாட்டேன். நல்லவேளை அன்னைக்கு நீ மறைக்காமச் சொன்னே" என்று என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

அதன்பிறகு நான் அந்த வீட்டில் பதினோரு வருஷம் வண்டி ஓட்டினேன். எந்த விஷயத்தில் யாருக்குத் தகராறு வந்தாலும், "அவங்கிட்ட கேளுங்க, அவன் பொய் சொல்லமாட்டான்" என்பார் அம்மா.