அத்தான் வீட்டு டிவி

ஊரிலுள்ள டிவியெல்லாம் அந்த மெக்கானிக் கை பட்டுத்தான் உயிரோடு இருந்தன, அவனுடைய அக்கா வீட்டு டிவியைத் தவிர. அதை அவன் தொடவே அத்தான் விடமாட்டார். அவர் கல்யாணமான புதிதில், அவருடைய ரேடியோவை அவன் திறந்து மூடியபோது ஒரு திருகாணி மிச்சமாகிவிட்டது. இத்தனை வருஷமும் அந்த ஒற்றைத் திருகாணிதான் அவனுக்கு அத்தான் கொடுத்த சான்றிதழ்.

அத்தான் குடோனில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அங்கே வாயைத் திறக்க முடியாத குறைக்கு, இப்போது வீட்டில் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். அக்கா வெங்காயம் நறுக்கினாலும் திருத்தம், வாளியை நகர்த்தினாலும் திருத்தம். மற்ற நேரமெல்லாம் தம்முடைய நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்ப்பார். அதில் வேறு யாரும் உட்காரக்கூடாது.

டிவி மட்டும் அவருக்கு அடங்கவில்லை. திடீர் திடீரென்று தானாக அணைந்தது. பெரிய கடைகளிலிருந்து பழுதுபார்க்க ஆட்கள் வந்து நின்றால் நல்ல பிள்ளையாக ஓடியது. வேறு வழியில்லாமல் மச்சினனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, திறந்ததை மூடத் தெரியும்ல?"

"தெரியும் அத்தான். மிச்சமானா உங்ககிட்டயே குடுத்துடறேன்."

இந்தத் தடவையாவது மானத்தை மீட்க வேண்டும் என்று டிவிக்குள்ளிருக்கும் பவர் போர்டையே புதிதாக மாற்றினான். மறுநாளே அணைந்தது. அத்தானுக்கு ஒரே கொண்டாட்டம். தெருவில் ஒருவரையும் விடாமல் சொல்லி மகிழ்ந்தார்.

அடுத்த முறை அவன் வந்தபோது அவர் முடிவெட்டப் போயிருந்தார். கால் கடுக்க நின்று பார்த்தும் டிவி அணைகிற வழியாக இல்லை. வெறுத்துப்போய் அந்த நாற்காலியில் சாய்ந்தான். படம் போயிற்று. கீழே எரியும் சிவப்பு விளக்கும் போயிற்று. அப்படியென்றால் கரண்டே வரவில்லை. எழுந்தான், விளக்கு வந்தது. குனிந்து பார்த்தால், நாற்காலியின் பின்னங்கால் டிவி ஒயரின் மேல் ஏறி நின்றது.

"அக்கா! உன் வீட்டுக்காரரு சாயும்போதெல்லாம் அவரேதான் அணைச்சிருக்காரு! வரட்டும் இன்னிக்கு!"

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "தெரியும்டா. அவரு போனதும் நான்தானே அதுல உக்கார்றேன்."

"அப்ப போர்டு மாத்தறப்போ வாயில என்ன கொழுக்கட்டையா? தெருவே என்னைப் பாத்துச் சிரிக்குது!"

"டிவி அணைஞ்சாதான்டா அவரு கோவிச்சிக்கிட்டு வெளிய போறாரு. அந்தக் கொஞ்ச நேரந்தான் என்னை யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

"ஒயரு நசுங்கினா ஆபத்துக்கா."

"அப்ப புதுசு போடு. ஆனா அணையற மாதிரி ஏதாவது பண்ணிக் குடு."

வாசல் கேட் கிறீச்சிட்டது. அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு கேட்டா, ‘எனக்கு ஒண்ணும் புரியல அத்தான்’னு சொல்லிடு, என் கண்ணுல்ல."