பனங்காடைக்கு வைத்த பொட்டு

எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போகாது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை கண்காட்சி அறையைத் திறந்தபோது வந்த கோபம் அப்படிப்பட்டதுதான்.

நம்மூர்ப் பறவைகளையும், அவற்றை முன்காலத்தில் வரைந்த படங்களையும் சேர்த்து எங்கள் சிறிய காட்சியகத்தில் ஒரு கண்காட்சி. படங்களை மாட்டுவதும் விளக்கம் எழுதுவதும் என் வேலை. பெரும்பாலானவை அச்சுப் பிரதிகள். உண்மையான கை ஓவியம் ஒன்றே ஒன்று, பட்டுப்போன கிளையில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை. பிரெஞ்சுக்காரத் துரை யாருக்காகவோ உள்ளூர்க்காரர் ஒருவர் வரைந்தது. கையெழுத்து கிடையாது. சிறகின் நீலம் மட்டும் நேற்றுத் தீட்டியதுபோல இருக்கும்.

முதலியார்பேட்டையில் ஒரு பெரியவரிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தெருவில் அவருக்குப் பெயரே 'சொல்தா', அதாவது சிப்பாய். பிரான்சில் இருக்கும் மகளுக்கென்று எடுத்து வைத்த படம் அது. அதை எங்களுக்கு இரவல் தருவதில் மகளுக்கு இஷ்டமே இல்லை. பொங்கலுக்கு வந்து எடுத்துப்போவதாக இருந்தாள்.

"இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம்பொண்ணு என்னயும் வுடமாட்டா, ஒன்னயும் வுடமாட்டா," என்று சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்.

"ஒண்ணும் ஆகாதுங்க ஐயா," என்றேன். அத்தனை திமிர் எனக்கு.

பழைய சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது. அதனால் படத்தைப் பிரித்து, கண்ணாடி இல்லாமல் மேசைமேல் விரித்து வைத்திருந்தோம். அன்று சாயந்திரம் பெரியவர் பார்க்க வருவதாக இருந்தது. புதுச் சட்டம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

கதவைத் திறந்ததும் சந்தன வாசனை. டிரில்லிங் மெஷினுக்குப் பொட்டு, ஏணிக்குப் பொட்டு, சுவரில் இருந்த மீன்கொத்திக்கும் கொண்டலாத்திக்கும் கண்ணாடிமேல் பொட்டு. இதெல்லாம் துடைத்தால் போய்விடும். மேசையைப் பார்த்தேன். பனங்காடையின் தலைக்கு மேலே, வெறும் காகிதத்தில், சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும்.



வைத்தவள் எங்கள் காவலுக்கு இருக்கும் பெண். தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருபவள். ஏஜென்சி வேலை, போ என்றால் போகவேண்டியதுதான். முந்தின நாள் எங்களுக்கெல்லாம் விடுமுறை. அவள் ஒருத்தி மட்டும் பெரிய மார்க்கெட்டில் பூவும் பொரியும் தன் காசில் வாங்கி வந்து பூஜை போட்டிருக்கிறாள்.

"யாரு இதுல வெக்கச் சொன்னா?" என்று கத்தினேன்.

"நீங்கதானக்கா சொன்னீங்க, எல்லாத்தயும் சுட்டுக் கொன்னுட்டு, செத்தப்புறம்தான் வரைஞ்சாங்கன்னு," என்றாள். "செத்தவங்க படத்துக்குப் பொட்டு வெக்காம எப்படிக்கா? மத்ததுக்கெல்லாம் வெச்சிட்டு இத மட்டும் வுட மனசு வரல. பறவையோட கண்ணுல பட்டுடக்கூடாதுன்னு தள்ளித்தான் வெச்சேன்."

சொன்னது நான்தான். துப்பாக்கியால் சுட்டு, கம்பியில் கட்டி நிறுத்தி, உடல் அழுகுவதற்குள் வரைவார்கள். அதனால்தான் கால் நகங்கள் கிளையைப் பிடிக்காமல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று அவளுக்குக் காட்டிப் பெருமை அடித்திருந்தேன்.

தண்ணீர் பட்டால் சாயம் பரவும். காய்ந்த சந்தனத்தைப் பிளேடு முனையால் நெம்பினேன், மெல்லிய பிரஷால் தட்டினேன், ரப்பரை உருட்டி ஒற்றி எடுத்தேன். மூச்சுவிடவே பயமாக இருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் நிமிரவில்லை. கடைசியில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சிவப்பு நின்றுவிட்டது. அதற்குமேல் தொட்டால் காகிதமே உரிந்துவிடும்.

எங்கள் அதிகாரி வந்து பார்த்தார்.

"வாங்கும்போதே இருந்துச்சுன்னு சொல்லிடலாம். வயசானவரு, ஞாபகமா இருக்கப் போவுது? அந்தப் பொண்ண நாளையிலேர்ந்து வரவேணாம்னு சொல்லிடு."

"நான் பெரியவர்கிட்ட உள்ளதச் சொல்லத்தான் போறேன் சார்," என்றேன். என் ஒப்பந்தமும் அதிகாரியின் கையெழுத்தில்தான் ஓடுகிறது. அந்தப் பெண் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

சாயந்திரம் பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், அதிகாரி அவளைப் போகச் சொன்னதையும் சேர்த்து. அதிகாரி என்னை முறைத்தார். பெரியவர் குனிந்து, மூக்கு காகிதத்தில் படும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார். திட்டிவிட்டால் தேவலாம் என்று இருந்தது.

"இனி போவாதா?"

"போகாதுங்க ஐயா."

அந்த நேரம் பார்த்து அவர் ஃபோன் அடித்தது. மகள். படத்தை மாட்டியதைக் காட்டச் சொல்லி வீடியோவில் கூப்பிடுகிறாள். எடுக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் எடுத்துவிட்டார். பிரெஞ்சில் ஏதோ நலம் விசாரித்தார். பிறகு ஃபோனைத் திருப்பி, தானாகவே அந்தச் சிவப்புக்கு நேராகப் பிடித்தார்.

மகள் கத்திய கத்தலில் அறையே அதிர்ந்தது. யார், யார் என்று அவள் கேட்பது மொழி தெரியாதவர்களுக்கும் புரிந்திருக்கும்.

பெரியவர் ஃபோனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார். வாசலில் பையுடன் நின்றவளை ஒருமுறை பார்த்தார்.

"செ மோவா," என்றார்.

மகள் நம்பவில்லை போலிருக்கிறது, மறுபடி கேட்டாள். "செ மோவா," என்று இன்னும் உரக்கச் சொன்னார். அதற்குப் பின் சொன்னதில் பூஜை என்ற ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த எங்கள் அதிகாரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னக்கா சொல்றாரு?"

"நாந்தான் வெச்சேன்னு சொல்றாரு," என்றேன்.

மகள் விடவில்லை. திட்டு ஏறிக்கொண்டே போனது. அவர் ஒரு வார்த்தைகூடத் திருப்பிச் சொல்லாமல், அவள் திட்டி முடிக்கும்வரை நின்றபடியே கேட்டுக்கொண்டார்.